நாற்பத்திரண்டாவது மனு

ஏனுங்க, அந்தப் பேப்பரப் படிச்சு முடிச்சுட்டீங்களா? அவசரமில்லீங்க, மெதுவாவே படிங்க. முடிச்சதுக்கப்பறம் அந்த நடுப்பக்கம் மட்டும் எனக்கு வேணும். ஒத்த ரூவாய வட்டமா வரஞ்சு, துண்டு துண்டாப் பிரிச்சு, இது இங்கிருந்து வருது, அது அங்க போகுதுன்னு போட்டிருக்கறாங்களே, அந்தப் படம். வருசா வருசம் பட்ஜெட்டுக்கு மறுநாள் அது வந்துரும். இருவத்திரண்டு வருசமா ஒண்ணு உடாம வெட்டிக் கடைச் செவுத்துல ஒட்டி வெச்சிருக்கறனுங்க. இன்னைக்குக் கெளம்புன அவசரத்துல பேப்பர் வாங்க மறந்துட்டேன். மறக்கற ஆளே இல்ல நானு.

சாமி படத்துக்குப் பக்கத்துல அந்த வட்டத்த ஒட்டியிருக்கறேன்னு என்ற சம்சாரம் கலாமணிக்குக் கோவம். உண்டியல்ல போட்ட காசு என்னாச்சுன்னு சாமிகிட்ட நாம கேக்கறதில்ல, இந்தச் சர்க்காருகிட்டயாவது கேக்கோணுமில்லன்னு நான் சொல்லுவேன். கேக்கறது தப்புங்களா? நீங்களே சொல்லுங்க.

பாருங்க, வர்றதுல கால் ரூவாகிட்டக் கடன். போறதுல அஞ்சுல ஒரு பங்கு வட்டி. கடன வாங்கி வட்டியக் கட்டிட்டு, அதுலயும் ஒரு விழா, ஒரு மாலை, ஒரு மேடை. ஒரு குடும்பம் இப்பிடிப் பொழப்பு நடத்துனா அந்த ஊட்டுக்கு ஆராவது பொண்ணு குடுப்பாங்களா? டெல்லிக்காரங்க என்னுதுங்கறாங்க, சென்னைக்காரங்க என்ற பங்கு எங்கீங்கறாங்க. டிவியப் போட்டா தெனமும் அதே சண்டை. ரெண்டு பேருத்துக்கும் நடுவுல கெடக்கறது என்ற ரூவாயிங்க. அத ஆரும் நெனைக்கறதில்ல.

நான் நாச்சிமுத்துங்க. காங்கயத்துக்கு இந்தப் பக்கம் மோட்டார் கடை. கெணத்து மோட்டார், போர் மோட்டார் காயில் எரிஞ்சு வந்தா, கருகுன கம்பியப் புடுங்கிப் போட்டுட்டுப் புதுக் கம்பி சுத்திக் குடுக்கறது. முப்பத்திமூணு வருசமா அதே வேலை. இந்த இலவசக் கரண்டு இருக்குது பாருங்க, அதுலதான் நாடே கெட்டுது. காசு கட்டற கரண்டா இருந்தா, தண்ணியில்லாத கெணத்துல மோட்டார ஓட உட்டுட்டு ஊட்டுக்குப் போயிப் படுப்பானா ஒருத்தன்? ஓசிதானன்னு உட்டுப்போட்டுப் போயிருவான். அது வெறுமனே ஓடி ஓடிக் காயில் கருகி, மறுநாள் என்ற கடைக்கு வந்துரும். மாசத்துக்கு முப்பது நாப்பது மோட்டார் இப்பிடியே வருதுங்க. நாட்டுக்கு எவ்வளவு நட்டம் பாருங்க.

வரி கட்டறவனுக்குத்தான் வயிறு எரியும். செம்புக் கம்பி வாங்கறப்ப நூத்துக்குப் பதினெட்டு கட்டறேன். விக்கறப்ப, சரி, அதையும் சொல்லிர்றேன், விவசாயிக்குப் பில்லுப் போட்டா அவன் தாங்க மாட்டான், அதனால கேட்டா மட்டுந்தான் பில்லு. ஆரும் கேக்கறதில்ல. அது அவங்களுக்காகப் பண்றதுங்க. வருமான வரி என்ற வரைக்கும் இன்னும் வர்ல, அதெல்லாம் ஆடிட்டர் பாத்துக்குவாரு. ஆனா ஒரு தீப்பொட்டி வாங்குனாலும், சோப்பு வாங்குனாலும் அதுக்குள்ள வரி இருக்குதில்லீங்க? அப்ப நான் வரி கட்டறவந்தான? இந்த பஸ்ஸுலயே பாருங்க, முன்னால அத்தனை சீட்டுலயும் பொம்பளைங்க உக்காந்திருக்கறாங்க. ஒருத்தருக்கும் டிக்கெட் கெடையாது. அவங்களுக்கும் சேர்த்து நீங்களும் நானும் எடுத்திருக்கறோம். ஒருத்தியாவது திரும்பிப் பாத்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளா? நீங்க சிரிக்கறீங்க.

கேட்டாத்தான் ஆகும்னு முடிவு பண்ணித்தான் மனுப் போட ஆரம்பிச்சேன். திங்கக்கெழமையானா கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் நாள். அன்னைக்குக் கடைக்கு லீவு. மொத பஸ்ஸப் புடிச்சுப் போயிருவேன். உள்ள போறப்ப போலீஸ்காரங்க பையத் தடவிப் பாப்பாங்க, மண்ணெண்ண பாட்டில் கொண்டு வந்திருக்கறமான்னு. அப்பிடி ஊத்திக்கறவங்களும் வர்ற எடமுங்க அது. எனக்கு அதெல்லாம் வேண்டியதில்ல. நான் வெள்ளைத்தாளு, மார்ஜின் உட்டு, வரிசையா எழுதிக் கொண்டு போயிக் குடுத்துட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கி மடிச்சுச் சட்டைப்பையில வெச்சுட்டு வந்துருவேன்.

எங்கூர்ல பஸ் நிக்கற எடத்துல ஒரு நிழற்குடை கட்டுனாங்க. மேல இருக்கற பேருப் பலகை பெருசு, கீழ உழுகற நெழலு சிறுசு. அதுக்கு ஒரு மனு. ஊருக்கு நடுவுல உசரமா ஒரு லைட்டுக் கம்பம் நட்டாங்க, தொறந்து வெச்ச அன்னைக்கு எரிஞ்சுது. அதுக்கு மூணு மனு. அஞ்சு வருசத்துல ஒரே சாக்கடைய நாலு தடவை கட்டுனாங்க, தண்ணி மட்டும் இன்னும் ரோட்டுலதான் போகுது. அதுக்கு எத்தனைன்னு எனக்கே நெனப்பில்ல. எல்லாத்துக்கும் பதிலு ஒண்ணுதான்: தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது. நாப்பத்தொரு மனு போட்டேனுங்க. ஒரு செங்கல்லு நகரல.

நாப்பத்திரண்டாவதுக்குத்தான் சர்க்காரு எந்திரிச்சு வந்துச்சு. அதச் சொல்றதுக்கு முந்தி என்ற அக்காளப் பத்திச் சொல்லோணும். இப்ப அவளப் பாக்கத்தான் போயிட்டிருக்கறேன்.

தெய்வாத்தாள்னு பேரு. என்னைய விட ஆறு வயசு மூப்பு. எங்க மச்சான் தவறிப் பதினோரு வருசமாச்சு. கொழந்தை குட்டி இல்ல. ஒரு வருசம் வாடகை ஊட்டுல ஒத்தையிலயே இருந்தா. அப்பறம் நானே போயி, "இங்க எதுக்குக்கா கெடக்கற, என்ற ஊட்டுக்கு வா"ன்னு கூட்டியாந்தேன். ஆரும் சொல்லிப் போகல, நானே போனேன். பின்னால ஒரு ரூமு, கட்டிலு, பேனு. இத்தனை வருசத்துல ஒரு நாளாவது இவ சோத்துக்கு இவ்வளவு ஆகுதுன்னு நெனச்சிருப்பேனா? நெனச்சதில்ல. ரேசன் கார்டுல அவ பேரச் சேர்த்தது கூட நாந்தான். ஆளுக்கு இவ்வளவு அரிசின்னு சும்மா குடுக்கறாங்க, எதுக்கு உடறது? இட்டிலிக்கு அந்த அரிசிதாங்க மெத்துன்னு வரும்.

அவளும் சும்மா உக்கார மாட்டா. காத்தால கலாமணிகூடச் சேர்ந்து சமையல முடிச்சுட்டு, எனக்குச் சோத்துப் போசியத் தூக்கிட்டுக் கடைக்கு வருவா. வந்தவ அப்பிடியே எரிஞ்ச மோட்டாருக்கு முன்னால உக்காந்துக்குவா. கருகுன கம்பிய ஒவ்வொண்ணாப் புடிச்சு இழுத்துப் பிரிக்கோணும். கை காப்புக் காச்சுப் போற வேலை அது. முந்தி அதுக்குன்னு ஒரு ஆளு வெச்சிருந்தேன், சம்பளம் பத்தலைன்னு போயிட்டான். அக்கா வந்தப்பறம் ஆளே தேவைப்படல. அவளுக்கும் நல்லாப் பொழுது போச்சு.

போன ஆவணியில ஒரு நாள் டீக்கடைகிட்ட நின்னுட்டிருந்தேன். பேங்கு ஆளு மிசினத் தூக்கிட்டு வந்து, வயசானவங்க கைரேகைய வாங்கிட்டு உதவித்தொகை குடுத்துட்டிருந்தாரு. மளிகைக்கடை ரங்கசாமியோட அம்மா வரிசையில நிக்கறாங்க. ரங்கசாமிக்கு மாடி ஊடு, வாசல்ல காரு. எனக்குச் சுர்ருனு ஏறிருச்சு. அன்னைக்கே கடையில உக்காந்து எழுதுனேன். எழுதுனது இன்னும் மனப்பாடமா இருக்குதுங்க. "சொந்த வீடும் சம்பாதிக்கும் ஆண்பிள்ளையும் உள்ள குடும்பத்தில் மூன்று வேளையும் உண்டு உறங்கிக்கொண்டு, தமக்கு ஆதரவில்லை என்று பொய் எழுதிக் கொடுத்து, வரி கட்டுவோர் பணத்தைப் பெற்று வருவோர் எமது வார்டில் பலர் உள்ளனர். ஒருவர் விடாமல் விசாரிக்க வேண்டுகிறேன்." ஒருவர் விடாமல்னு நாந்தான் எழுதுனேன். அடிக்கோடு கூடப் போட்டேன்.

எழுதுனத ஒருக்காச் சத்தமாப் படிச்சுப் பாக்கறது என்ற பழக்கம். அக்கா அங்கதான் கம்பி பிரிச்சுட்டிருந்தா. படிச்சு முடிச்சேன். "இத அனுப்பத்தான் போறயா சாமி?"ன்னா. சின்னதுல இருந்து என்னைய அப்பிடித்தான் கூப்பிடுவா. "பின்ன, ஊறுகா போடவா எழுதுனேன்?"னேன். ஒரு கம்பிய இழுத்தா, அது வர்ல, மறுபடி இழுத்தா. அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்னா அந்த மனுவக் கிழிச்சுப் போட்டிருப்பேன். போட்டிருப்பேன்னுதான் நெனைக்கறேன். சொல்லோணுமில்லீங்க அவ? சொல்லாம இருந்தது ஆரு தப்பு?

இருவதே நாள்ல வி.ஏ.ஓ. வந்துட்டாங்க. மாரிச்செல்வின்னு திருநெல்வேலிப் பக்கத்துப் பொண்ணு, வேலைக்கு வந்து ரெண்டு வருசந்தான் இருக்கும். கையில வார்டு லிஸ்டு, முப்பத்தொரு பேரு. "உங்க மனு மேலதான் அண்ணாச்சி விசாரணை"ன்னு சொல்லுச்சு. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்னு நெனைக்கறீங்க? நாப்பத்தொரு தடவை போயிட்டு வந்தவனுங்க. தெருவே நின்னு பாக்குது. வாசல்ல சேரப் போட்டு உக்கார வெச்சு, அக்காகிட்ட டீ வெக்கச் சொன்னேன்.

ரங்கசாமியோட அம்மாளுக்கு ஒண்ணும் ஆகலீங்க. அந்தம்மாளுக்குத் தனி ரேசன் கார்டு, மாடி ஊட்டுக்குப் பின்னால தனி ரூமு, தனி அடுப்பு. எல்லாத்தையும் அந்தக் காலத்துலயே தெளிவாப் பண்ணி வெச்சுட்டாங்க. அந்தப் பொண்ணு லிஸ்டுல அடுத்த பேரப் படிச்சுது. தெய்வாத்தாள், கணவர் பெயர் ஆறுமுகம், காலமாகிவிட்டார். பழைய வாடகை ஊட்டு விலாசம். படிச்சுட்டு என்னையப் பாத்து, "இவங்க பேரு உங்க கார்டுல இருக்கே அண்ணாச்சி?"ன்னு கேட்டுச்சு.

எனக்குத் தெரியாதுங்க. என்ற ஊட்டுக்குள்ளயே நடந்தது எனக்குத் தெரியாது. மச்சான் போன மூணாம் மாசம் ஆதரவற்ற விதவைன்னு எழுதிக் குடுத்து வாங்க ஆரம்பிச்சிருக்கறா. என்ற ஊட்டுக்கு வந்தப்பறமும் அத நிறுத்தல. மாசாமாசம் அஞ்சாந்தேதி மாரியம்மன் கோயிலுக்குப் போறேன்னு போவா. நானும் பக்தின்னு நெனச்சேன்.

எல்லாரும் பாக்கறாங்க. எனக்கு மூஞ்சிய எங்க வெக்கறதுன்னு தெரியல. "என்ற ஊட்டுல உக்காந்துட்டு ஆதரவில்லைன்னு எழுதிக் குடுத்தியா?"ன்னு கேட்டுட்டேன். சத்தமாத்தான் கேட்டேன். அக்கா டீ டம்ளரோட பக்கத்துலயே நின்னா. அந்தப் பொண்ணுதான், "விடுங்க அண்ணாச்சி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவங்க கைச்செலவுக்கு மாசம் என்ன குடுக்கீங்க?"ன்னுச்சு.

"ஊட்டுல என்னம்மா கொறைச்சல்? சோறு, துணி, கட்டிலு, பேனு."

"கையில என்ன குடுக்கீங்கன்னு கேட்டேன்."

"அவளுக்கு என்ன செலவு இருக்குது?"

அந்தப் பொண்ணு பேனாவப் புடிச்சுட்டு என்னையவே பாத்துட்டிருந்துச்சு. அப்பறம், "நான் என்னன்னு எழுதட்டும்?"னு கேட்டுச்சு. "தம்பி பாத்துக்கறான்னு எழுதுங்க"ன்னேன். "சகோதரர் பராமரிப்பில் உள்ளார்"னு எழுதி நீட்டுச்சு. நெஞ்ச நிமித்திட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். மாசம் ஆயிரத்தி எரநூறு ரூவா, அன்னையோட நின்னு போச்சு. முப்பத்தொரு பேருல நின்னது அது ஒண்ணுதான்.

அன்னைக்குப் பொழுதோட அவகிட்டச் சொன்னேன், "வரி கட்டறவன் காசுக்கா அது, பாவமில்லையா"ன்னு. "சோப்பு வாங்குனா நானுந்தான சாமி கட்டறேன்"னா. படிக்காதவ. உட்டுட்டேன்.

அப்பறம் ஊட்டுல ஒவ்வொண்ணாக் கொறைய ஆரம்பிச்சுது. ராத்திரி சோறு தின்னு எந்திரிக்கறப்ப தட்டுப் பக்கத்துல ஒரு பழம் இருக்கும். பத்து வருசமா இருந்த பழம். காணோம். வெலவாசி ஏறிப்போச்சுன்னு கலாமணி கையச் சுருக்கிட்டான்னு நெனச்சு ஒரு நாள் சத்தம் போட்டேன். "நான் எங்க வாங்குனேன்? நங்கைதான் வாங்கி வெக்கும்"னா. நங்கைன்னா என்ற அக்கா. வெள்ளிக்கெழமைக்குக் கலாமணி தலைக்குப் பூவு, என்ற பேத்தி வந்தா முறுக்குப் பொட்டலம், சாயங்காலக் காப்பிக்குக் கூடக் கொஞ்சம் பாலு, எல்லாமே அவ வாங்குனதுதானாம். கலாமணிக்குத் தெரிஞ்சிருக்குது. காசு எங்கிருந்து வருதுன்னும் தெரிஞ்சிருக்குது. எனக்கு மட்டுந்தான் தெரியல.

ரோசன பண்ணிப் பாத்தேன். நான் கட்டுன வரி எங்கெங்கயோ சுத்திச் சுத்தி, கடைசியில ஒரு பழமா என்ற தட்டுக்கே வந்திருக்குது. இந்த நாட்டுல ஒழுங்கா வந்து சேர்ந்த ஒரே திட்டம் அதுதானுங்க. அதத்தான் நான் மனுப் போட்டு நிறுத்திட்டேன். சிரிங்க, பரவால்ல. நானும் ஊட்டுல சிரிச்சுட்டேதான் சொன்னேன். அங்க ஆரும் சிரிக்கல.

கார்த்திகையில ஒரு நாள், கடையில கம்பி பிரிச்சுட்டிருந்தவ தலையத் தூக்காம, "ஒரு எரநூறு ரூவா குடு சாமி"ன்னா. பத்து வருசத்துல என்றகிட்ட அவ காசு கேட்டது அதுதான் மொத தடவை. நான் எதுக்குன்னு கேட்டேன். அவ்வளவுதாங்க கேட்டேன். வேற ஒரு வார்த்தை கேக்கல. கையில பர்ஸ எடுத்துட்டேன், எடுத்துட்டேதான் கேட்டேன். நாட்டையே எதுக்கு எதுக்குன்னு கேட்டுப் பழகுன வாயி, வந்துருச்சு. அவ கம்பியக் கீழ வெச்சா. "ஒண்ணுமில்ல சாமி"ன்னா. மறுபடி கேக்கல. நானும் பர்ஸ உள்ள வெச்சுட்டேன்.

எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அதுதானுங்க என்னைய அரிக்குது. மாத்திரைக்கா, போனுக்கா, ஆரோ கல்யாணத்துக்கு மொய் எழுதவா, இல்ல கண்ணாடி கிண்ணாடி ஒடஞ்சு போச்சா. மோட்டாருக்குக் கம்பி சுத்திட்டிருக்கறப்பவே இந்த நெனப்பு வந்துருது, சுத்து எண்ணிக்கை தப்பிப் போகுது. எதுக்குன்னு கேக்கறது தப்புங்களா? ஊருல எவங்கிட்டக் கேட்டாலும் தப்பில்லைங்கறான். அப்பறம் எதுக்கு எனக்கு இப்பிடி இருக்குது?

மறுவாரம் சோத்துப் போசியக் கலாமணி தூக்கிட்டு வந்தா. அக்கா எங்கீன்னேன். "வேலைக்குப் போயிருச்சு"ன்னா. தாராபுரம் போற வழியில ஒரு நூல் மில்லு. அங்க வேலை செய்யற பொண்ணுங்க தங்கற ஹாஸ்டல்ல சமையலுக்குச் சேர்ந்து, அங்கயே தங்கிட்டா. அறுபத்திநாலு வயசுல, நூத்தம்பது பேருக்கு ஆக்கிப் போடறா. அக்காள மில்லுக்கு அனுப்பிட்டான்னு ஊரு பேசுது. நான் எங்கீங்க அனுப்புனேன்? அவளாப் போனா. ஆனா ரங்கசாமி கடைப் பக்கம் நான் இப்பப் போறதில்ல. போனா அவன் நல்லாத்தான் பேசுவான், அதுதான் முடியல.

போன வாரம் ஹாஸ்டல் வார்டன் போன் பண்ணுனாங்க. சோறு வடிக்கறப்பக் கை வழுக்கிக் கஞ்சி ஊத்தி, முழங்கை வரைக்கும் வெந்து போச்சு, ஆஸ்பத்திரியில காட்டிக் கட்டுப் போட்டிருக்கறோம்னு. கடையப் போட்டது போட்டபடி ஓடுனேன். கட்டுப் போட்ட கைய மடியில வெச்சுட்டு, இன்னொரு கையில கத்திரிக்கா பொறுக்கிட்டு உக்காந்திருக்கறா. எனக்கு அழுகை வந்துருச்சுங்க. எங்கம்மா செத்தப்பக்கூட அப்பிடி அழுவல. அங்க இருந்த பொண்ணுங்க எல்லாம் ஒதுங்கிப் போயிட்டாங்க.

"ஊட்டுக்கு வாக்கா"ன்னேன். "வேண்டாஞ் சாமி, இங்க கையில காசு குடுக்கறாங்க"ன்னா. "அவ்வளவுதான? அந்த ஆயிரத்தி எரநூற மாசம் பொறந்தா உன்ற கையில நானே வெச்சர்றேன். எதுக்குச் செலவாச்சுன்னு மட்டும் ஒரு நோட்டுல எழுதி வெச்சுரு"ன்னேன். நல்லவிதமாத்தாங்க சொன்னேன், ஒரு ஒழுங்கு இருக்கட்டும்னு. அவ சிரிச்சா. அவ சிரிச்சுப் பாத்து எத்தனையோ நாளாச்சு. "பதினோரு வருசத்துல சர்க்காரு ஒருக்காக்கூட எதுக்குன்னு கேக்கலயே சாமி"ன்னா.

அதுதான் இந்த நாட்டுக்குப் புடிச்ச வியாதின்னு சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கையப் பாத்தேன். சொல்லல.

அப்பறம் அவளேதான் சொன்னா. "அந்தக் காசு திரும்ப வர்றதுக்கு ஏதாவது பண்ண முடியுமான்னு பாரு. வந்துச்சுன்னா இந்த அடுப்ப உட்டர்றேன்"னா. அவ என்றகிட்டக் கேட்ட ரெண்டாவது விசயம் இது. மொதல்லதக் குடுக்கல. இதையாவது குடுத்தாகோணும்.

மறு திங்கக்கெழமை நாப்பத்திமூணாவது மனு போட்டேன், முந்தின மனுவ வாபஸ் வாங்கறேன்னு. உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளதுன்னு சீட்டு குடுத்தாங்க. எனக்குப் பொறுக்கல. நேரா வி.ஏ.ஓ. பொண்ணுகிட்டயே போயிட்டேன். அது பழைய காகிதத்த எடுத்து மேசை மேல வெச்சுது. "இதுல நீங்க பாத்துக்கறதாக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இது இருக்கற வரைக்கும் நான் ஒண்ணும் செய்ய முடியாது. அவங்க தனியா இருக்கணும், தனிக் கார்டு வாங்கணும். நான் பாத்துக்கலைன்னு நீங்க எழுதித் தரணும். தந்தீங்கன்னா நானே மேல அனுப்பி வெக்கேன்"னுச்சு.

தனியான்னா எங்க? பழைய வாடகை ஊட்டுக்குப் பக்கத்துல பாவாயம்மான்னு ஒருத்தி, அவளும் ஒத்தக்காரிதான், என்னோட வந்து இருன்னு அக்காளக் கூப்பிட்டுட்டே இருக்கறாளாம். எங்க ஊட்டுல இருந்து ரெண்டாவது தெரு. அதாவது, நான் கையெழுத்துப் போட்டா அவ அந்த அடுப்புல இருந்து தப்பிச்சு வந்துருவா, ஆனா என்ற ஊட்டுக்கு வர மாட்டா. போடலைன்னா அந்தக் கையோட அங்கயேதான் வெந்துட்டுக் கெடப்பா. இப்பிடி ஒரு சட்டம் எந்த ஊருல இருக்குது சொல்லுங்க. கூடப் பொறந்தவளப் பாத்துக்கலைன்னு எழுதிக் குடுக்கச் சொல்ற சட்டம்.

இந்தாங்க, படிச்சுப் பாருங்க. அந்தப் பொண்ணு சொன்ன மாதிரியே எழுதியிருக்கறேன். "மேற்படி தெய்வாத்தாள் எனது உடன்பிறந்த சகோதரி. அவரை நான் பராமரிக்கவில்லை. அவருக்கு வேறு ஆதரவு இல்லை." மூணே வரி. நாப்பத்திமூணு மனு எழுதுன கை, நாலு நாளா இதுக்குக் கீழ ஒரு கையெழுத்துப் போட வர மாட்டேங்குது.

நேத்து வார்டன் போனுக்குப் போட்டு அக்காகிட்டப் பேசுனேன். இந்த மூணு வரியையும் படிச்சுக் காட்டுனேன். "இத்தனை பெரிய பொய்யில நான் எப்பிடிக்கா கையெழுத்துப் போடறது?"ன்னு கேட்டேன். பின்னால ஏனம் கழுவற சத்தம் கேக்குது. அப்பறம் சொன்னா.

"இதுல போடு சாமி. போன தடவை போட்டதுதான் பொய்யி."

கோவமாச் சொல்லலீங்க. கோவமாச் சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், சண்டை போட்டிருப்போம், ஒரு வழியா முடிஞ்சிருக்கும். சின்னதுல நான் சட்டைப் பட்டன மாத்திப் போட்டுட்டு நின்னா எப்பிடிச் சொல்லுவாளோ, அப்பிடிச் சொன்னா. சொல்லிட்டு, சாப்பிட்டியான்னு கேட்டா.

நான் அப்பவே போன வெச்சுட்டேன். அவளுக்கு என்னங்க தெரியும்? பத்து வருசம் சோறு போட்டிருக்கறேன். பத்து வருசம். அது பாத்துக்கறது இல்லையா? நீங்க வெளியாளு, நீங்க சொல்லுங்க. நான் சொன்னத எல்லாம் கேட்டீங்கல்ல. இந்த மூணு வரியில எது பொய்யி?

நீங்களும் சன்னலுக்கு வெளிய பாக்கறீங்க.

சரி, மில்லு வந்துருச்சு. நான் எறங்கோணும். அந்தத் தாளக் குடுங்க. பேனா இருந்தாக் குடுங்களேன். இல்ல, வேண்டாமுங்க, இங்க வேண்டாம், அவ முன்னாலயே போயிப் போட்டுக்கறேன். போன தடவை போட்டப்பவும் அவ பக்கத்துலதான் நின்னுட்டிருந்தா. நான் அவ மூஞ்சியப் பாக்கவே இல்லீங்க.